ஜாக்கோ சொன்ன அந்த ஒரு வரி

1970களின் நடுவில் மயாமியில் ஒரு ராத்திரி. வெதர் ரிப்போர்ட் என்ற ஜாஸ் குழுவின் கச்சேரி முடிந்து, கீபோர்டு வாசிக்கும் ஜோ ஸாவினுல் அரங்கத்துக்கு வெளியே நிற்கிறார். ஒல்லியாக, நீள முடியோடு ஒரு பையன் பக்கத்தில் வருகிறான். கச்சேரி பரவாயில்லை, ஆனால் இன்னும் எதிர்பார்த்தேன் என்கிறான். அப்புறம் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறான். என் பெயர் ஜான் ஃபிரான்சிஸ் பாஸ்டோரியஸ் மூன்றாமவன், உலகத்திலேயே பெரிய பேஸ் வாசிப்பாளன் நான்தான். ஸாவினுல் அச்சில் போட முடியாத ஒரு வார்த்தையைச் சொல்லி ஓடிப் போகச் சொல்கிறார். பிற்பாடு எல்லோரும் ஜாக்கோ என்று அழைத்த அந்தப் பையன் நகரவில்லை. கடைசியில் ஸாவினுலே இறங்கி வந்து, சரி, ஏதாவது பதிவு செய்து வைத்திருந்தால் அனுப்பு என்கிறார்.

அனுப்பினான். அதைக் கேட்டுவிட்டு ஸாவினுல் கேட்ட கேள்வி, நீ எலக்ட்ரிக் பேஸும் வாசிப்பாயா என்பது. ஒலித்தது எலக்ட்ரிக் பேஸ்தான். நின்றுகொண்டு வாசிக்கும் பெரிய மர பேஸ் என்று நினைத்துவிட்டார்.

ஜாஸ் கேட்கிறவர்கள் இந்தக் கதையைச் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது சொன்னால் சிரிப்பு பாதியில் நின்றுவிடுகிறது. காரணம் என் சித்தப்பா, அவரிடம் பிறகு வருகிறேன்.

முதலில் பேஸ் கிடார் பற்றி இரண்டு வார்த்தை. இளையராஜா பாட்டுகளில் அடியில் ஓடுகிற அந்தக் கனத்த நாதத்தைத் தனியாகப் பின்தொடர்ந்து கேட்டுப் பழகியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதே இல்லை. மற்றவர்களுக்கு: நாலு தடித்த தந்தி, சாதாரண கிடாரைவிட ஒரு ஸ்தாயி கீழே. கல்யாண வீட்டில் பந்தல்கால் மாதிரி, யாரும் அதைப் பார்ப்பதில்லை, எடுத்துவிட்டால் எல்லாம் சரிந்துவிடும். அந்தப் பந்தல்காலைப் பாட வைத்தவர் ஜாக்கோ. அதை முதலில் செய்தவர் அவர்தானா என்று சண்டை போடுகிறவர்கள் உண்டு, போடட்டும். மோடவுன் ஸ்டுடியோவில் ஜேம்ஸ் ஜேமர்சன் ஏற்கெனவே பேஸை ஓடவிட்டிருந்தார், ஸ்டான்லி கிளார்க் தனக்கென்று ஒரு பாதை போட்டிருந்தார். ஆனால் ஜாக்கோவுக்குப் பிறகு பேஸ் எடுத்தவன் எவனும் அவரைத் தெரியாத மாதிரி நடந்துகொள்ள முடியவில்லை.

பிறந்தது 1951 டிசம்பர் 1, பென்சில்வேனியாவில் நாரிஸ்டவுன் என்ற ஊர். சிறுவயதிலேயே குடும்பம் ஃபுளோரிடாவுக்கு, ஃபோர்ட் லாடர்டேல் பக்கம் வந்துவிட்டது. அப்பா ஜாக், பிக் பேண்ட் குழுக்களில் பாடகர், டிரம்ஸும் வாசிப்பார். பையனும் டிரம்ஸில்தான் ஆரம்பித்தான். பதிமூன்று வயதில் கால்பந்து விளையாடப் போய் மணிக்கட்டை உடைத்துக்கொண்டான் (அமெரிக்கக் கால்பந்து, காலுக்கு அதில் வேலை குறைவு). கை பழையபடி வரவில்லை. அவன் வாசித்துக்கொண்டிருந்த உள்ளூர் குழுவில் அவனைவிட நல்ல டிரம்மர் ஒருவன் கிடைத்தான், அதே சமயம் பேஸ் வாசிக்கிறவன் விலகினான். காலியான இடத்தில் இவன் போய் நின்றுகொண்டான்.

நான் இங்கே கொஞ்சம் நின்று யோசிப்பதுண்டு. ஜாக்கோவுக்குள் இருந்த டிரம்மர் கடைசி வரை அவர் கையை விட்டுப் போகவே இல்லை. ஜாக்கோவின் பேஸைக் கவனித்துக் கேளுங்கள், சுரங்களுக்கு நடுவே பாதி அமுக்கப்பட்ட, சத்தம் வராத தட்டல்கள் ஓடிக்கொண்டே இருக்கும். சுரம் ஒன்று என்றால் தட்டல் மூன்று. மிருதங்கக்காரர் ஒருவர் விரலில் தந்தி மாட்டிவிட்ட மாதிரி.

மர பேஸ் ஒன்றும் கஷ்டப்பட்டுக் காசு சேர்த்து வாங்கியிருக்கிறார். ஃபுளோரிடாவின் புழுக்கம் அதை விடவில்லை, ஒருநாள் காலையில் எழுந்து பார்த்தால் வெடித்துத் துண்டு துண்டாகக் கிடந்தது என்பது அவரே சொன்னது. மர பேஸின் அந்தக் குழைவு வேண்டும், மர பேஸ் கட்டுப்படியாகாது. என்ன செய்வது? எலக்ட்ரிக் பேஸின் மெட்டுகளைப் பிடுங்கிவிடுவது.

மெட்டு என்றால் நம் வீணையில் மெழுகில் பதித்திருக்கும் அதே மெட்டுதான். வீணையில் 24 உண்டு, சித்திரவீணையில் ஒன்றுமே கிடையாது. மெட்டு இருந்தால் விரலை ஏறக்குறைய வைத்தாலும் சுரம் சரியாக விழும். இல்லையென்றால் நூலிழை தப்பினாலும் அபசுரம்தான், ஆனால் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போகலாம், அசைக்கலாம், இழைக்கலாம். கமகத்திலேயே வளர்ந்த காதுக்கு அதன் அருமை சட்டென்று புரியும். 1962ஆம் வருடத்து ஃபெண்டர் ஜாஸ் பேஸ் ஒன்றின் மெட்டுகளை வெண்ணெய்க் கத்தியால் நெம்பி எடுத்தேன், பள்ளங்களை மரப்பசையால் அடைத்தேன் என்று ஜாக்கோ சொன்னார். வேறொரு சமயம், பிடுங்கிய நிலையில்தான் வாங்கினேன் என்றும் சொன்னார். எது நிஜம் என்று துருவ எனக்கு ஆசையில்லை, இரண்டுமே நல்ல கதை. ஆனால் அதற்கடுத்து செய்ததுதான் முக்கியம். அவர் போட்டது உலோகக் கம்பி சுற்றிய சொரசொரப்பான தந்தி, அது வெறும் மரத்தை அரம் மாதிரி தின்றுவிடும். அதனால் படகுகளுக்குப் பூசுகிற எபாக்ஸியை விரல்பலகையில் அடுக்கடுக்காகப் பூசினார். கண்ணாடி போல இறுகியது. தந்தி அதன்மேல் அதிர்கிறபோது ஒரு மனிதக் குரலின் முனகல் வந்தது. அந்த பேஸுக்கு ‘பேஸ் ஆஃப் டூம்’ என்று பெயர்.

ஊரிலேயே ஓடியாடி வாசித்தார். வேய்ன் காக்ரன் என்ற பாடகரின் குழுவில் 1972இல் சேர்ந்து ஊர் ஊராகப் போனார், சுற்றுலாக் கப்பல்களில் வாசித்தார், கரீபியன் தாளமெல்லாம் காதில் ஏறியது. மயாமி பல்கலைக்கழகத்தில் பேஸ் சொல்லிக்கொடுத்தார். அங்கேதான் பேட் மெத்தினி என்ற இளம் கிடார்காரரோடு பழக்கம். இருவரும் டிரம்மர் பாப் மோசஸோடு 1975 டிசம்பரில் பதிவு செய்த ‘பிரைட் சைஸ் லைஃப்’ இன்றைக்கும் கேட்டால் நேற்றுப் பதிவு செய்த மாதிரி இருக்கிறது.

1976இல் அவர் பெயரையே தலைப்பாக வைத்து எபிக் கம்பெனியில் முதல் ஆல்பம். ஹெர்பி ஹான்காக், வேய்ன் ஷார்ட்டர், மைக்கேல் பிரெக்கர் என்று பெரிய பெரிய ஆட்கள் வந்து வாசித்திருக்கிறார்கள். ஆனால் முதல் பாட்டில் அவர்கள் யாரும் இல்லை. ‘டோனா லீ’. சார்லி பார்க்கர் காலத்து பீபாப் (வேகமான ஜாஸ் பாணி) உருப்படி, சாக்சபோன்காரர்களுக்கே விரல் பின்னிக்கொள்ளும். அதை பேஸில் வாசிக்கிறார், துணைக்கு டான் அலையஸ் கையால் தட்டும் காங்கா மட்டும். கீபோர்டு இல்லை, டிரம்ஸ் இல்லை. இரண்டரை நிமிடம். ஆல்பத்தைத் திறந்ததும் எதிரே வந்து நிற்பது இதுதான், மயாமியில் அந்தப் பையன் நின்ற மாதிரி.

அதே ஆல்பத்தில் ‘போர்ட்ரெய்ட் ஆஃப் ட்ரேசி’. ட்ரேசி அவருடைய முதல் மனைவி. இந்தப் பாட்டில் பெரும்பாலும் ஹார்மோனிக்ஸ்தான். தந்தியை அழுத்தாமல், குறிப்பிட்ட இடத்தில் இறகு போலத் தொட்டுவிட்டு மீட்டினால் மணி மாதிரி ஒரு நாதம் கிளம்பும். தந்தியின் பாதியில், மூன்றில் ஒன்றில், நான்கில் ஒன்றில் என்று அந்த இடங்கள் இருக்கின்றன, எல்லா வாத்தியக்காரனுக்கும் தெரிந்ததுதான். சுருதி சேர்க்கப் பயன்படுத்துவார்கள், அவ்வளவுதான். ஜாக்கோ அதை வைத்து ஒரு முழு ராகமாலிகையே கட்டிவிட்டார். இரண்டாம் மெட்டுக்கும் மூன்றாம் மெட்டுக்கும் நடுவே எங்கோ ஒரு நாதம் ஒளிந்திருக்கிறது. நான் பழைய பேஸ் ஒன்று வாங்கி இந்தப் பாட்டோடு ஒரு வருடம் மல்லுக்கட்டியிருக்கிறேன். முதல் இருபது நொடி வந்தது. அதற்கு மேல் ஓர் இடத்தில் ஒரு விரலால் அழுத்திக்கொண்டு சுண்டுவிரலை எட்டி நீட்டி மேலே தொட வேண்டும், என் சுண்டுவிரல் அவ்வளவு தூரம் போகவே மாட்டேன் என்றுவிட்டது.

அந்த வருடமே வெதர் ரிப்போர்ட்டில் சேர்ந்தாயிற்று. அங்கிருந்த பேஸ்காரர் அல்ஃபோன்சோ ஜான்சன் விலக, அந்த இடத்துக்கு ஜாக்கோ. இந்த ஜான்சன் பெயரை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். 1977இல் ‘ஹெவி வெதர்’ வந்தது. ‘பேர்ட்லேண்ட்’ பாட்டைக் கேட்காத ஜாஸ் ரசிகர் கிடையாது. அதே ஆல்பத்தில் ‘டீன் டவுன்’ ஜாக்கோ எழுதியது, அதில் டிரம்ஸும் அவரேதான். எனக்கு ‘ஹவோனா’தான். அவர் மெட்டில்லாத பேஸில் என்ன செய்தார் என்று யாராவது கேட்டால் அந்த ஒரு சோலோவைப் போட்டுக் காட்டிவிட்டு வாயை மூடிக்கொள்வேன்.

பாடகி ஜோனி மிட்செல் கதையையும் சொல்லியாக வேண்டும். அவர் பாட்டுகளுக்கு பேஸ் வாசிக்க வந்தவர்களெல்லாம் அடியில் தூண் நட்டுவிட்டுப் போனார்கள், அவருக்கு வேண்டியிருந்தது வேறு. ‘ஹெஜிரா’ ஆல்பத்தில் ஒன்பது பாட்டு, நாலில்தான் ஜாக்கோ. அந்த நாலில் பேஸ் பாட்டைத் தாங்கவில்லை, கூடவே நடந்து வருகிறது, சில சமயம் முந்திப் போய்த் திரும்பிப் பார்க்கிறது. ஒரு பெண் குரலும் பேஸும் பேசிக்கொள்வதை அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை.

இப்போது வருடங்களைக் கொஞ்சம் பாருங்கள். ‘பிரைட் சைஸ் லைஃப்’ 1975 டிசம்பர் பதிவு. முதல் ஆல்பம் 1976. ‘ஹெஜிரா’ 1976. ‘ஹெவி வெதர்’ 1977. இரண்டு வருடத்துக்குள் இவ்வளவு. வெதர் ரிப்போர்ட்டுக்கு வரும் வரை ஜாக்கோ குடித்ததில்லை, போதை எதையும் தொட்டதில்லை. இரண்டு குழந்தைகளுக்கு அப்பா. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், ஜாக்கோ பேச்சு வந்தாலே யாராவது ஒருவர், கலைஞன் என்றால் கொஞ்சம் கிறுக்கு இருக்கணும் சார், அந்தக் கிறுக்குதான் இவ்வளவு இசையையும் கொடுத்தது என்று ஆரம்பித்துவிடுவார். எனக்குக் கெட்ட கோபம் வரும். கொடுத்தது அது இல்லை. அது எடுத்துக்கொண்டு போனது.

மேடையில் அவர் ஒரு வேடிக்கைதான். தரையில் குழந்தைகளுக்குப் போடுகிற பவுடரைத் தூவிவிட்டு அதில் சறுக்கி ஆடுவார், ஆம்ப்ளிஃபையர் மேலிருந்து குதிப்பார், பேஸைத் தரையில் போட்டு அலறவிடுவார். ஜாஸ் கச்சேரிக்கு ராக் கூட்டம் வரத் தொடங்கியதில் இதற்கும் பங்கு உண்டு. ஜனங்கள் கத்தினார்கள், கைதட்டினார்கள். எந்த ராத்திரியில் வேடிக்கை முடிந்து வேறொன்று தொடங்கியது என்று யாருக்கும் தெரியவில்லை.

1979 மார்ச்சில் கியூபாவின் ஹவானாவில் ஒரு விழா. சக்தி குழுவில் நம் விக்கு விநாயக்ராமின் கடத்தோடு வாசித்தாரே, அதே ஜான் மெக்லாஃப்லின் கிடார், டோனி வில்லியம்ஸ் டிரம்ஸ், ஜாக்கோ பேஸ். ட்ரியோ ஆஃப் டூம் என்று பெயர். இந்த மூன்று பேர் சேர்ந்தால் எப்படி இருக்க வேண்டும்! மேடையில் ஜாக்கோ தன் இஷ்டத்துக்குப் போனார். மெக்லாஃப்லினுக்குக் கடும் கோபம். சில நாள் கழித்து நியூயார்க் ஸ்டுடியோவில் அதே உருப்படிகளை மறுபடி பதிவு செய்தார்கள்.

சித்தப்பாவைப் பற்றி இங்கே சொல்லிவிடுகிறேன். அவர் டெய்லர். திண்டுக்கல்லில் சின்னக் கடை, ஒரு மிஷின், காஜா எடுக்க ஒரு பையன். பேண்ட் வெட்டுவதில் கெட்டிக்காரர், அளவு நாடாவைப் பிடித்தால் இரண்டாம் முறை அளக்க மாட்டார். வருடத்தில் சில வாரங்கள் அவருக்கு ஒரு வேகம் வரும். விடிய விடிய தைப்பார், தெருவுக்கே மிட்டாய் வாங்குவார், மூன்று கடை திறக்கப் போகிறேன் என்று அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வருவார். “இந்த ஊர்லயே என்னை மாதிரி பேண்ட் வெட்ட ஆள் கிடையாதுடா” என்பார். நாங்கள் பிள்ளைகள், எங்களுக்கு அந்த சித்தப்பாவைத்தான் ரொம்பப் பிடிக்கும். அதற்குப் பிறகு வருகிற மாதங்களில் கடை ஷட்டர் பாதிதான் திறந்திருக்கும், உள்ளே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். அந்தச் சித்தப்பாவிடம் நாங்கள் போக மாட்டோம்.

பைபோலார் என்ற வார்த்தை எங்கள் வீட்டுக்கு வந்துசேரப் பல வருடம் ஆனது. அதற்கு முன்னால் பேய், செய்வினை, கடன், குடி என்று வரிசையாக எல்லாப் பெயரும் வைத்துப் பார்த்தாயிற்று. லித்தியம் மாத்திரை கொடுத்தார்கள். அடிக்கடி ரத்தம் எடுத்து அளவு பார்க்க வேண்டும், குறைந்தால் பலனில்லை, கூடினால் விஷம். வேகம் அடங்கியது. கூடவே கையில் ஒரு நடுக்கம் வந்தது. லித்தியத்தில் சிலருக்கு அப்படி வரும். ஊசியில் நூல் கோக்கப் பையனைக் கூப்பிட வேண்டியிருந்தது. ஒருநாள் மாத்திரையை நிறுத்திவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை. கை நின்றது, நன்றாகத் தைத்தார், எல்லோருக்கும் சந்தோஷம், ஆறாவது வாரம் மூன்று கடை.

சித்தி ஒன்று சொல்வார், எந்த டாக்டரும் எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. “அவரு என்ன பேசுறாருன்னு பாக்காத தம்பி. பேசுறதெல்லாம் நெசந்தான், அவரை மாதிரி வெட்ட ஆளு கெடையாதுதான். ராத்திரி தூங்குனாரான்னு மட்டும் கேளு.”

அதனால்தான் மயாமிக் கதையில் எனக்கு சிரிப்பு நின்றுவிடுகிறது. உலகத்திலேயே பெரிய பேஸ் வாசிப்பாளன் நான்தான் என்று அந்தப் பையன் சொன்னது அன்றைக்கு அநேகமாக உண்மை. செய்து காட்ட முடிந்தால் அது தற்பெருமை இல்லை என்பது ஜாக்கோ அடிக்கடி சொன்னது. அந்தப் பேச்சை அவர் விடவே இல்லை. இருபத்துமூன்று வயதுத் திமிரும் முப்பத்துமூன்று வயது நோயும் ஒரே குரலில் பேசும்போது, கேட்கிறவர்கள் என்ன செய்வார்கள்? ஜாக்கோ இப்படித்தானே என்பார்கள். அப்படித்தான் சொன்னார்கள்.

1981இல் வார்னர் கம்பெனிக்கு ‘வேர்ட் ஆஃப் மவுத்’ செய்தார். எனக்கு அவர் ஆல்பங்களில் இதுதான் மேலே. டூட்ஸ் தீல்மான்ஸின் மௌத் ஆர்கன், ஒதெல்லோ மாலினோவின் ஸ்டீல் பேன், பாக்கின் குரோமட்டிக் ஃபேன்டசியில் ஒரு பகுதியை பேஸில் ஓட்டுகிறார். பேஸ்காரர் ஆல்பம் என்று எதிர்பார்த்து வாங்கினால் பேஸ்காரரே பின்னால் நின்று பெரிய வாத்தியக் கூட்டத்துக்கு எழுதிக்கொண்டிருக்கிறார். அந்த வருடம் டிசம்பர் 1, முப்பதாவது பிறந்த நாளில் ஃபோர்ட் லாடர்டேலில் ஒரு கிளப்பில் பிக் பேண்ட் வைத்துக் கச்சேரி செய்தார். அதன் பதிவு பிறகு 1995இல்தான் வந்தது. சொந்த ஊர், நண்பர்கள், வாத்தியங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கத்துகின்றன, அவர் எல்லாவற்றையும் அடியிலிருந்து தள்ளிக்கொண்டு போகிறார்.

அடுத்த வருடம் வெதர் ரிப்போர்ட்டிலிருந்து விலகல். இரண்டாவது மனைவி இங்கிரிட்டுக்கு இரட்டைப் பிள்ளைகள் பிறந்த வருடமும் அதுதான். தன் சொந்தக் குழுவோடு ஜப்பான் போனார். அங்கே தலையை மழித்துக்கொண்டார், முகத்தில் கறுப்புச் சாயம் பூசிக்கொண்டார், ஹிரோஷிமா விரிகுடாவில் ஒரு பேஸை வீசியெறிந்தார். இதையும் வேடிக்கைக் கதையாகச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். திரும்பி வந்ததும் குடும்பத்தார் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். 1982 இறுதி. நோயின் பெயர் பைபோலார் என்று அப்போதுதான் தெரிந்தது. லித்தியம் எழுதிக்கொடுத்தார்கள்.

மாத்திரையை அவர் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. விரல்கள் மரத்துப்போகின்றன என்று சொன்னார். இதைப் படித்தபோது நான் படிப்பதை நிறுத்திவிட்டு வெளியே போய் நின்றேன். விரலை வைத்துப் பிழைக்கிறவனிடம் உன் விரலைக் கொடு, தூக்கத்தைத் தருகிறேன் என்றால் அவன் எந்தக் கணக்கில் முடிவு எடுப்பான்? மாத்திரை போட்டிருந்தால் பிழைத்திருப்பார் என்று இங்கே உட்கார்ந்து சொல்வது சுலபம். நானே சித்தப்பாவிடம் அந்தத் தொனியில் பேசி, அவர் நடுங்குகிற இரண்டு கைகளையும் என் முகத்துக்கு நேரே நீட்டிக் காட்டிய பிறகுதான் எனக்கு வாய் அடங்கியது.

வார்னர் கம்பெனி கைவிட்டது. நியூயார்க்கில் வாழ்க்கை. குடியும் கொக்கைனும் நோயோடு சேர்ந்துகொண்டன. குடித்துவிட்டு மேடை ஏறினார், கச்சேரிகள் பாதியில் குலைந்தன, கிளப்காரர்கள் கதவை அடைத்தார்கள். மேற்கு நான்காம் தெரு மைதானத்தில் பையன்களோடு கூடைப்பந்து ஆடினார், பூங்காவில் படுத்துத் தூங்கினார். 1986இல் வாஷிங்டன் சதுக்கப் பூங்கா பெஞ்சில் வைத்திருந்த பேஸ் ஆஃப் டூம் திருடு போனது. அதே வருடம் பெல்வ்யூ ஆஸ்பத்திரியில் சில வாரங்கள். அப்புறம் ஃபுளோரிடாவுக்கே திரும்பினார், அங்கேயும் வாரக்கணக்கில் தெருவில்.

1985இல் பேஸ் சொல்லிக்கொடுக்கும் வீடியோ ஒன்று எடுத்தார்கள். கேள்வி கேட்பவர் ஜெரி ஜெமட், அவரும் பெரிய பேஸ்காரர், ஜாக்கோ சின்ன வயதில் வியந்து கேட்டவர். அவர் மனதாரப் புகழ்கிறார், பேஸை நீ எங்கேயோ கொண்டுபோய்விட்டாய் என்கிற மாதிரி. ஜாக்கோ சிரித்துக்கொண்டே, சரி, எனக்கு ஒரு கச்சேரி வாங்கிக் கொடுங்கள் என்கிறார். அதைப் பார்த்து ஜெமட்டும் சிரிக்கிறார். ஜாக்கோவுக்கு முகம் வாடி, கண் உள்ளே போய், ஆனால் விரல் தந்தியில் வைத்ததும் சுரம் அந்த நூலிழை இடத்தில் போய் விழுகிறது. மெட்டு இல்லாத பலகையில். எத்தனை பார்த்தாலும் அதுதான் தாங்க முடியவில்லை.

1987 செப்டம்பர் 11. ஃபுளோரிடாவில் சன்ரைஸ் என்ற ஊரில் கார்லோஸ் சந்தானாவின் கச்சேரி. ஜாக்கோ கூட்டத்திலிருந்து மேடையில் ஏறிவிட்டார். காவலர்கள் இழுத்து வெளியே தள்ளினார்கள். அன்றைக்கு சந்தானாவின் குழுவில் பேஸ் வாசித்துக்கொண்டிருந்தவர் அல்ஃபோன்சோ ஜான்சன். பதினொரு வருடத்துக்கு முன்னால் யார் விட்டுப்போன இடத்தில் போய் நின்றாரோ, அதே ஆள்.

அங்கிருந்து வில்டன் மேனர்ஸ் பகுதியில் ஒரு கிளப்புக்குப் போயிருக்கிறார். உள்ளே விடவில்லை. கண்ணாடிக் கதவை உதைத்தார் என்கிறார்கள். வாசலில் இருந்த பவுன்சர், தற்காப்புக் கலை கற்றவர், அடித்த அடியில் முகத்து எலும்புகள் நொறுங்கின, ஒரு கண்ணில் பலத்த காயம். நினைவு திரும்பவில்லை. மூளையில் ரத்தக்கசிவு. குடும்பம் முடிவெடுத்துக் கருவிகளை நிறுத்தியது. செப்டம்பர் 21. முப்பத்தைந்து வயது. சிறுவனாக இருந்தபோது பூசைக்கு உதவிய தேவாலயமும் அதே வில்டன் மேனர்ஸில்தான். அடித்தவர் மேல் முதலில் கொலைக் குற்றம், பிறகு அதைக் குறைத்து ஒப்புக்கொள்ள, தண்டனை இரண்டு வருடத்துக்கும் குறைவு, நாலு மாதத்தில் வெளியே வந்துவிட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் வழக்கமானதுதான், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மறுவருடம் டவுன்பீட் என்ற ஜாஸ் பத்திரிகையின் வாசகர்கள் அவரை உயர்ந்தோர் வரிசையில் சேர்த்தார்கள். மைல்ஸ் டேவிஸ் 1989இல் தன் ஆல்பத்தில் ‘மிஸ்டர் பாஸ்டோரியஸ்’ என்ற பாட்டை வாசித்தார், எழுதியது மார்க்கஸ் மில்லர். ஓக்லண்ட் பார்க்கில் அவர் பெயரில் ஒரு பூங்கா இருக்கிறது. பூங்கா பெஞ்சில் தூங்கியவருக்குப் பூங்கா! வைத்தவர்களுக்கு நல்ல எண்ணம்தான், எனக்குத்தான் அது உறுத்துகிறது. திருடு போன பேஸ் இருபது வருடம் கழித்து நியூயார்க்கில் ஒரு கடையில் தலைகாட்டியது, வழக்கு, இழுபறி, கடைசியில் மெட்டாலிகா என்ற ராக் குழுவின் பேஸ்காரர் ராபர்ட் ட்ருஹியோ பணம் கொடுத்து மீட்டார். உடைந்து சிதறிய அந்த பேஸை ஏற்கெனவே ஒருமுறை துண்டு துண்டாக ஒட்டிச் சேர்த்திருந்தார்கள். ஜாக்கோவின் இரட்டைப் பிள்ளைகளில் ஒருவரான ஃபெலிக்ஸ் இன்று பேஸ் வாசிப்பவர்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். சித்தப்பா இப்போது வேறு மாத்திரையில் இருக்கிறார், நடுக்கம் குறைவு, பேண்ட் வெட்டுவதில்லை, பழைய துணி ஆல்ட்டர் செய்வதும் காஜா எடுப்பதும்தான். மத்தியானம் கடையில் உட்கார்ந்திருந்தபோது போனில் ‘டோனா லீ’ போட்டேன். வேறு எதற்கும் இல்லை, எனக்குக் கேட்க வேண்டும் போல இருந்தது. அவர் மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார். கால் பெடலில் லேசாகத் தட்டிக்கொண்டிருந்தது. முடிந்ததும் இது எத்தனை பேர் என்றார். இரண்டே பேர், தட்டுறவர் ஒருத்தர், மத்ததெல்லாம் ஒரே ஆள் என்றேன். இன்னொரு தரம் போடு என்றார். போட்டேன்.

“நல்லாத் தூங்கி எந்திரிச்சு வாசிச்சிருக்கான்” என்றார். அப்புறம் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஊசியில் நூல் கோக்க ஆரம்பித்தார். மூன்றாவது தடவையில் கோத்துவிட்டார்.